காலையில் மட்டும் அடம்பிடிக்கும் லாரி

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது ஆறு சிலிண்டர் எஞ்சின் கொண்ட பழைய லாரி. இன்லைன் டீசல் பம்ப் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு எலிமென்ட் என வரிசையாக அமைந்தது), 24 வோல்ட். மூன்று மாதமாகக் காலையில் ஸ்டார்ட் செய்வது பெரும்பாடாக இருக்கிறது. ஏழெட்டு தடவை செல்ஃப் அடித்தால்தான் எடுக்கிறது. முதல் நாலைந்து தடவை புகையே வருவதில்லை. அப்புறம் வெள்ளைப் புகை வந்து, ஒவ்வொரு சிலிண்டராகப் பிடித்து, தட்டுத்தடுமாறி ஓட ஆரம்பிக்கிறது. ஒருமுறை எடுத்துவிட்டால், வழியில் அரை மணி நேரம் நிறுத்தி எடுத்தாலும் ஒரே அடியில் எடுக்கும். நாலைந்து மணி நேரம் நின்றால் மறுபடி அதே தொல்லை. இழுவை குறையவில்லை, ஆயில் குடிக்கவில்லை. இரண்டு பேட்டரிகளில் ஒன்றைப் புதிதாகப் போட்டேன், டீசல் ஃபில்டரை மாற்றினேன், செல்ஃப் மோட்டாரையும் கழற்றிச் சரி செய்தேன். ஒரு மெக்கானிக் டீசல் பம்ப்பையும், சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசில்களையும் இறக்க வேண்டும் என்கிறார். இன்னொருவர் கம்ப்ரெஷன் போய்விட்டது, எஞ்சினைப் பிரிக்க வேண்டும் என்கிறார். ஏர் கிளீனருக்குள் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கச் சொல்கிறார் ஒரு நண்பர். யார் சொல்வதைக் கேட்பது? டேங்க் நிரப்பி நிறுத்திய மறுநாள் மட்டும் கொஞ்சம் சுலபமாக எடுப்பதுபோலத் தெரிகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை.

பதில்: நண்பரே, சம்பந்தம் உண்டு. கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, டேங்க் நிரப்பிய மறுநாள் சுலபமாக எடுக்கிறது என்று, உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட வரி அதுதான். பம்ப்பை இறக்க வேண்டாம். எஞ்சினைத் தொட வேண்டாம். உங்கள் வண்டியில் டீசல் லைன் எங்கோ ஏர் இழுக்கிறது, நிற்கும் நேரத்தில் லைனில் உள்ள டீசல் டேங்கை நோக்கி இறங்கிவிடுகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன், அதை நீங்களே எப்படி உறுதி செய்துகொள்வது என்று சொல்கிறேன்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. உள்ளே இழுத்த காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு சுருக்கி அழுத்தும்போது அந்தக் காற்றே சூடாகிறது. அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. டீசல் தானாகப் பற்றுவதற்கு 210 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடு தேவை. எஞ்சின் சூடாக ஓடும்போது காற்று 500 டிகிரியைத் தாண்டிவிடும், அப்போது கவலையே இல்லை. குளிர்ந்த எஞ்சினை செல்ஃப் மெதுவாகச் சுற்றும்போது இரும்பெல்லாம் அந்தச் சூட்டைக் குடித்துவிடுவதால் கைவசம் இருக்கும் சூடு குறைவு. ஆக, ஸ்டார்ட் ஆவதற்கு எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், காற்று கசியாமல் அழுந்த வேண்டும், டீசல் வந்து சேர வேண்டும். இந்த மூன்றில் எது இல்லை என்பதைப் பெரும்பாலும் சைலன்சரே காட்டிக்கொடுத்துவிடும்.

செல்ஃப் அடிக்கும்போது புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்குள் டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால், டீசல் போகிறது, ஆனால் எரியாமல் அப்படியே ஆவியாக வெளியே வருகிறது. கண் எரியும், பச்சை டீசல் வாடை அடிக்கும். கறுப்புப் புகை என்றால் எரிகிறது, காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். வெள்ளைப் புகையில் இன்னொரு வகையும் உண்டு: கூலண்ட் கலந்து வருவது, இனிப்பான வாடை இருக்கும். ரேடியேட்டர் அளவு தானாகக் குறைந்துகொண்டே போனால் ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

முதல் நாலைந்து தடவை புகையே இல்லை என்று நீங்கள் எழுதியதை இப்போது யோசித்துப் பாருங்கள். அந்த நேரம் முழுக்க உங்கள் செல்ஃப் மோட்டார் செய்யும் வேலை எஞ்சினை ஸ்டார்ட் செய்வது அல்ல. லைனில் இருக்கும் காற்றைத் தள்ளிவிட்டு டேங்கிலிருந்து டீசலை மேலே ஏற்றுகிறது. டீசல் வந்து சேர்ந்ததும் முதலில் அரைகுறையாக வெள்ளைப் புகை, அப்புறம் ஒவ்வொரு நாசில் லைனிலும் காற்று வெளியேற வெளியேற ஒவ்வொரு சிலிண்டராகப் பிடிக்கிறது. கம்ப்ரெஷன் போன எஞ்சினாக இருந்தால் முதல் அடியிலேயே வெள்ளைப் புகை கொட்டியிருக்கும், பிரீதரில் (எஞ்சின் அடிப்பகுதிக் காற்று வெளியேறும் குழாயில்) புகை தள்ளும், ஆயிலும் குறையும். டீசல் பம்ப்பின் எலிமென்ட் (டீசலை அழுத்தித் தள்ளும் சின்ன பிஸ்டன்) தேய்ந்திருந்தால் தொல்லை பெரும்பாலும் சூட்டில்தான் தலைகாட்டும். சூட்டில் டீசல் இளகித் தேய்ந்த இடைவெளி வழியே நழுவிவிடும், அரை மணி நிறுத்தி எடுப்பதுதான் கஷ்டமாக இருக்கும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. சூட்டில் ஒரே அடியில் எடுக்கிறது, இழுவையும் குறையவில்லை. பம்ப் மேல் பழி போட எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை.

ஒரு உறிஞ்சுகுழலை டம்ளரில் விட்டு, மேல் முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் தண்ணீர் குழலுக்குள்ளேயே நிற்கும். விரலை எடுத்தால் இறங்கிவிடும். உங்கள் டீசல் லைனும் அதேதான். டேங்க் கீழே, பம்ப் மேலே. எங்கும் காற்றுப் புகாதவரை ராத்திரி முழுக்க டீசல் நின்ற இடத்தில் நிற்கும். ஊசி முனை அளவு வழி கிடைத்தாலும் மெல்ல மெல்ல இறங்கும். அரை மணியில் இறங்கும் அளவு கொஞ்சம், அதனால் தெரிவதில்லை. ஐந்து மணி நேரத்தில் லைன் காலியாகிவிடுகிறது. டேங்க் நிறைந்திருந்தால் டீசல் மட்டம் மேலே இருக்கிறது, இறங்க வேண்டிய உயரம் குறைவு, அதனால் அன்றைக்கு மட்டும் வண்டி பரவாயில்லை. முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்திய மறுநாள் இன்னும் மோசமாக இருக்கிறதா என்றும் கவனியுங்கள். இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கீழே ஒரு சொட்டு டீசல்கூட ஒழுகவில்லையே, பிறகு எப்படி லீக் என்பார்கள். டேங்கிலிருந்து டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்குக் கொடுக்கும் சின்ன பம்ப்தான் ஃபீட் பம்ப். டேங்கிலிருந்து அது வரை உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். வெளிப்பக்கம் காய்ந்து சுத்தமாகவே இருக்கும். ஃபீட் பம்ப்பைத் தாண்டி ஃபில்டர், டீசல் பம்ப் வரை உள்ளது தள்ளும் பக்கம். அங்கே ஓடும்போது லேசாகக் கசியும், நின்ற பிறகு அதே வழியில் காற்று உள்ளே போகும். ஃபில்டர் தலையைச் சுற்றித் தூசி ஈரமாக ஒட்டிப் படிந்திருந்தால் அதை அலட்சியமாக விடாதீர்கள்.

சரி, நாளைக் காலை செய்ய வேண்டியது இதுதான். சாவியைத் திருப்புவதற்கு முன்பு ஃபீட் பம்ப்பின் மேல் இருக்கும் கைப் பிரைமரைத் திருகி எழுப்பி, முப்பது நாற்பது முறை அழுத்துங்கள். முதலில் வெறுமனே தொளதொளவென்று இறங்கும், டீசல் வந்ததும் கைக்கு விறைப்பாகத் தெரியும். ஃபில்டர் தலையில் இருக்கும் ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று தளர்த்திவிட்டு அழுத்தினால் நுரை வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நுரை நின்று டீசல் தெளிவாக வரும்போது ஸ்க்ரூவை இறுக்குங்கள். பிரைமரை மறக்காமல் கீழே திருகிப் பூட்டுங்கள், பூட்டாமல் விட்ட பிரைமரே ஏர் இழுக்கும். அப்புறம் செல்ஃப் அடியுங்கள். முதல் அடியிலோ இரண்டாவதிலோ எடுத்துவிட்டால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. காசு செலவில்லாத, ஐந்து நிமிடச் சோதனை. பம்ப்பை இறக்கச் சொன்னவர் இதை முதலில் செய்து பார்த்திருக்க வேண்டும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் இதே மாதிரி ஒரு வண்டிக்கு நானே டீசல் பம்ப்பை இறக்கிக் கொடுத்தேன். எலிமென்ட் மாற்றி, காலிபரேஷன் செய்து மாட்டினோம். முதல் இரண்டு நாள் நன்றாக எடுத்தது, மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. கடைசியில் ஃபில்டர் தலையில் இருந்த ஒரு காப்பர் வாஷர்தான் காரணம் என்று தெரிந்தது. அந்த ஓட்டுநர் பத்து நாள் ஓட்டம் இழந்து நின்ற முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. பம்ப்பைக் கழற்றி மாட்டியபோது லைனெல்லாம் புதிதாக இறுக்கப்பட்டதால்தான் இரண்டு நாள் சரியாக இருந்தது. அதைப் பார்த்து நோய் பம்ப்பில்தான் என்று நம்பிவிட்டோம்.

ஏர் என்று உறுதியானால் எங்கே என்று தேட வேண்டும். இங்கே பொறுமை தேவை. டீசல் தாங்கக்கூடிய, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம் வாங்கி, டேங்கிலிருந்து வரும் லைனுக்கும் ஃபீட் பம்ப்புக்கும் இடையே கிளிப் போட்டு மாட்டுங்கள். மாட்டியதும் கொஞ்ச நேரம் குமிழி வரும், அது நீங்கள் கழற்றியபோது புகுந்த காற்று. பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகும் முடி போல மெல்லிய குமிழிகள் ஓடிக்கொண்டே இருந்தால், அந்த இடத்துக்கு முன்னால், அதாவது டேங்க் பக்கம் ஏர் புகுகிறது. குமிழியே இல்லாமல் தெளிவாக ஓடி, காலையில் பார்த்தால் குழாயில் டீசல் இறங்கியிருந்தால், பெரும்பாலும் ஃபீட் பம்ப்பின் வால்வு பிடிக்கவில்லை அல்லது அதற்கு மேலே எங்கோ வழி இருக்கிறது.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் கேன் சோதனை. சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து புதிய குழாய் வழியாக நேரே ஃபீட் பம்ப்புக்குக் கொடுங்கள். மிஞ்சும் டீசல் திரும்பிப் போகும் ரிட்டர்ன் லைனையும் அதே கேனில் விடுங்கள், இல்லாவிட்டால் கேன் காலியாகி டீசல் முழுக்க டேங்குக்குப் போய்விடும். கேனை டேங்க் இருக்கும் மட்டத்திலேயே வையுங்கள். பலர் அதை எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்கவிடுவார்கள். உயரத்தில் இருந்தால் டீசல் தானாகவே இறங்கி வந்து பம்ப்பை நிரப்பிவிடும், ஓட்டை எங்கே இருந்தாலும் வண்டி எடுத்துவிடும், நமக்கு ஒன்றும் தெரியாது. டேங்க் மட்டத்தில் வைத்து, ராத்திரி நிறுத்திக் காலையில் ஒரே அடியில் எடுத்தால் குறை டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவே. அப்போதும் அடம்பிடித்தால் குறை ஃபீட் பம்ப்பிலோ அதற்கு மேலேயோ.

டேங்க் பக்கம் என்றால் ரப்பர் குழாய்களை மடக்கிப் பாருங்கள், கிளிப் இறுகும் இடத்துக்குப் பக்கத்தில்தான் வெடிப்பு இருக்கும். இரும்புக் குழாய் சேஸிஸில் உரசும் இடங்களைக் கையால் தடவிப் பாருங்கள். டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயை மறந்துவிடாதீர்கள். அதன் மேல்பகுதியில் வெடிப்போ துருப்பிடித்த துளையோ இருந்தால், டீசல் அந்த மட்டத்துக்குக் கீழே போகும்போது மட்டும் ஏர் இழுக்கும். டேங்க் நிறைந்தால் சரியாகிறது என்ற உங்கள் குறிப்புக்கு அதுவும் பொருந்துகிறது. அப்படியானால் டேங்க் குறைவாக இருக்கும் நாட்களில் ஓட்டத்திலேயே லேசாக வெட்டி இழுக்கும். அப்படி ஏதாவது உண்டா என்று நினைத்துப் பாருங்கள்.

மேல்பக்கம் என்றால் என் அனுபவத்தில் முதல் குற்றவாளி பேன்ஜோ போல்ட்டின் (டீசல் குழாயை ஃபில்டரோடும் பம்ப்போடும் இணைக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்டின்) இருபுறமும் வரும் காப்பர் வாஷர். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் பழையதையே திருப்பி மாட்டுவார்கள். செம்பு ஒருமுறை நசுங்கினால் இறுகிக் கெட்டியாகிவிடும், மறுபடி பதியாது. உடனே மாட்டியாக வேண்டும் என்றால் பழைய வாஷரைச் சிவக்கச் சூடாக்கி ஆறவிட்டால் மறுபடி இளகும். ஆனால் புதிய வாஷர் கிடைக்கும்போது அதையே போடுங்கள், வாஷர் மாற்றும்போது எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றுங்கள். வாஷர் உட்காரும் முகத்தில் கீறல் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. அப்புறம் ஃபில்டரின் ரப்பர் வளையம். பழைய வளையம் தலையில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதிய ஃபில்டரைத் திருகிய வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் தொல்லை ஃபில்டர் மாற்றியதற்கு முன்பே இருந்ததா, பின்பு கூடியதா?

ஃபீட் பம்ப்பைக் கழற்றினால் உள்ளே இரண்டு சின்ன வால்வுகளும் ஸ்பிரிங்கும் இருக்கும். ஒரு தூசி ஒட்டியிருந்தாலும் டீசல் பின்னால் இறங்கும். சுத்தமான டீசலில் கழுவி, வால்வு முகம் குழிந்திருந்தால் மாற்றுங்கள். டீசல் பம்ப்பில் ரிட்டர்ன் கிளம்பும் இடத்தில் உள்ள ஓவர்ஃப்ளோ வால்வையும் பாருங்கள். அதன் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பம்ப்புக்குள் இருக்கும் டீசல் ரிட்டர்ன் வழியாக டேங்குக்குத் திரும்பிவிடும். அதைக் கழற்ற ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் பம்ப்பின் உடலுக்குள் அதற்கு மேல் கை வைக்காதீர்கள். எலிமென்ட்டுக்கும் அதன் பேரலுக்கும் நடுவே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான், தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்லைன் பம்ப்பை ராபர்ட் போஷ் நிறுவனம் 1927-ல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்தது. டீசல் எஞ்சின் லாரிக்குள் வசதியாக உட்கார்ந்ததற்கு அந்த நுணுக்கமான பொருத்தம் ஒரு பெரிய காரணம். சாலையோரத்தில் திறந்து பார்க்கிற பொருள் இல்லை அது.

பேட்டரி விஷயத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரிகளும் வரிசையாக இணைந்தவை, இரண்டின் வழியாகவும் ஒரே மின்சாரம்தான் ஓடுகிறது. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் இரண்டும் சமமாகச் சார்ஜ் ஆகாது, ஒன்று குறைவாகவும் மற்றது தேவைக்கு மேலும் சார்ஜ் ஆகும். சீக்கிரமே இரண்டும் போகும். முடிந்தால் ஒரே வயதுள்ள ஜோடியாக மாற்றிக்கொள்ளுங்கள். ராத்திரி நின்ற பேட்டரி ஒவ்வொன்றும் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். ஸ்டாப் லீவரை (டீசலை நிறுத்தி எஞ்சினை அணைக்கும் லீவரை) இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் எடுக்காதபடி செல்ஃப் அடிக்கும்போது ஒவ்வொன்றும் 9.6-க்குக் கீழே போகக் கூடாது. அதே நேரத்தில் மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முளையிலும் மறுமுனையை எஞ்சின் பிளாக்கிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கேபிளில் குறை. இதைப் பார்க்காமலே பலர் செல்ஃப் மோட்டாரைக் கழற்றுகிறார்கள். ஒரு அடிக்குப் பதினைந்து விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், அடுத்த அடிக்கு முன் ஒன்றிரண்டு நிமிடம் ஆறவிடுங்கள். மூன்று மாதமாக உங்கள் செல்ஃப் பட்டிருக்கும் பாடு போதும்.

ஸ்டாப் லீவர் என்றதும் நினைவுக்கு வருகிறது. கேபிள் இறுகி, லீவர் முழுதாகத் திரும்பாமல் பாதியில் நின்றாலும் புகை வராது, வண்டி எடுக்காது. கையால் ஒருமுறை தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து அந்த ஸ்ப்ரே. தயவுசெய்து வேண்டாம். அதில் இருக்கும் ஈதர் 160 டிகிரி அளவிலேயே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும், ரிங் உடையும், பிஸ்டனின் ரிங் மேடுகள் பெயரும். ஸ்டார்ட் செய்யக் காற்றைச் சூடாக்கும் இன்டேக் ஹீட்டரோ குளோ பிளக்கோ உள்ள எஞ்சினில் அது பற்றிக்கொண்டால் தீ முகத்துக்கே வரும். ஸ்ப்ரே அடித்து எடுத்துப் பழகிய வண்டிகளில் சில மாதங்களில் உண்மையாகவே கம்ப்ரெஷன் போய்விடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் எஞ்சினில் இன்று அந்தக் குறை இல்லை, அதை நாமே வரவழைக்க வேண்டாம். ஏர் பிடித்த லைனுக்கு ஸ்ப்ரே எந்த வகையிலும் மருந்தும் அல்ல.

இதைப் படிக்கும் காமன் ரெயில் வண்டிக்காரர்களுக்கு (எல்லா இன்ஜெக்டருக்கும் ரெயில் எனும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதிய வகை எஞ்சின்) ஒரு எச்சரிக்கை. நாசில் லைன் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய வழக்கத்தை உங்கள் எஞ்சினில் செய்யவே கூடாது. ரெயிலில் 1,600 பார், சிலவற்றில் 2,000 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையே எடுக்க நேரிடலாம். உங்களுக்கு ஸ்டார்ட் தொல்லை என்றால் ஸ்கேனரில் செல்ஃப் அடிக்கும்போது ரெயில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். பொதுவாக 200 பாராவது ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடாது. ஏறவில்லை என்றால் முதலில் தாழ்வழுத்தப் பக்கத்தில் ஏர், ஃபில்டர், அடுத்து இன்ஜெக்டர் ரிட்டர்ன் அளவு. ஏர் இழுக்கும் விஷயத்தில் இன்லைனுக்குச் சொன்னது எல்லாம் உங்கள் தாழ்வழுத்த லைனுக்கும் பொருந்தும்.

நண்பரே, நாளைக் காலை பிரைமர் அழுத்திய பிறகு எத்தனையாவது அடியில் எடுத்தது என்று எழுதுங்கள். பிரைமர் விறைப்பாகியும், ஏர் ஸ்க்ரூவில் டீசல் தெளிவாக வந்தும், முதல் அடியிலேயே வெள்ளைப் புகை கொட்டி எடுக்க மறுத்தால் என் கணிப்பு தவறு. அப்போது அடுத்தது டாப்பெட் (எஞ்சின் வால்வைத் திறக்கும் பாகம்) இடைவெளியும், அதன் பிறகு கேஜ் வைத்துக் கம்ப்ரெஷனும். ஆறு சிலிண்டர் அளவையும் தனித்தனியாகக் குறித்து அனுப்புங்கள். அந்த எண்களைப் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்க யாருக்கும் சம்மதம் கொடுக்காதீர்கள்.